சுவர் இல்லாத தூரிகை

'திருவண்ணாமலை' என்கிற ஊர்ப்பெயரை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். அதிலுள்ள 'ணா', 'லை' இரண்டும், 1978இல் தமிழக அரசு ஆணையால் உருமாறிய 13 எழுத்துகளில் அடங்குபவை. பெரியார் 1935இலேயே 'குடிஅரசு' இதழில் கையாண்ட சீர்திருத்தம் அது. கற்பதற்கும் அச்சுக்கோப்பதற்கும் எளிமை என்பது அதன் தர்க்கம். அந்தத் தர்க்கத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் சுவரில் எழுதும் பெயிண்டருக்கு வார்க்க வேண்டிய அச்சு என்று எதுவும் கிடையாது. பழைய 'லை'யின் தும்பிக்கை அவருக்குக் கூடுதல் செலவில்லை. பட்டை பிரஷை ஒரு சுழற்று சுழற்ற நல்ல சாக்கு. ஆணைக்குப் பின்னும் பல சுவர்களில் அந்தத் தும்பிக்கை தொடர்ந்ததை வெறும் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. கைக்கென்று வேறொரு பொருளாதாரம் இருந்தது.

இன்று அந்தக் கையே எழுத்துருவாகிவிட்டது. விசையைத் தட்டினால் தடித்த தூரிகை எழுத்து, பிசிறு, சாய்வு, காய்ந்த முனை சகிதம் வந்து விழுகிறது. சினிமாத் தலைப்பு, கட்சி பேனர், காபிக்கடைப் பலகை எல்லாவற்றுக்கும் ஆகிறது. ஆனால் ஊர்ப்பெயரை அதில் அடித்து, அடுத்தடுத்து வரும் இரண்டு 'ண'வையும் பாருங்கள்: ஒரே பிசிறு, ஒரே இடத்தில். கை எழுதியிருந்தால் இரண்டாவது 'ண' முதலாவதைப் பார்த்த பிறகு, சுவரில் மிச்சமிருக்கும் இடத்தையும் பார்த்து எழுதப்பட்டிருக்கும். மாற்று வடிவங்களைச் சேர்த்துக்கொள்ளலாமே என்பார்கள். சேர்க்கலாம், அவையும் சுவரைப் பார்க்காமலே தீர்மானிக்கப்பட்டவைதான். எழுத்துரு நகலெடுப்பது தூரிகையின் தடத்தை. சுவரோடு அது நடத்திய பேரம் நகலில் வருவதில்லை.

இதை வைத்துக் கையெழுத்தைப் புனிதமாக்குவதும் ஆபத்து. வெயிலில் ஏணிமேல் நின்ற உடம்பை மறந்துவிட்டு அழகை மட்டும் கொண்டாடுவது நம்ம படித்த வர்க்கத்தின் வியாதி. இங்கே பிரச்சினை உடைமை சார்ந்தது. 2000களில் ஃப்ளெக்ஸ் வந்து பெயிண்டரை ஏணியிலிருந்து இறக்கிவிட்டது. இப்போது அதே ஃப்ளெக்ஸ் அவருடைய கையை மாட்டிக்கொண்டு நிற்கிறது. பலகையின் மூலையில் சின்னதாக 'ஆர்ட்ஸ்' என்று முடியும் கையொப்பம் மட்டும் நகலில் காணோம்.

ஹனீஃப் குரேஷி இந்தியத் தெருப் பெயிண்டர்களின் எழுத்துகளைக் கணினிக்குக் கொண்டுவந்தபோது, 'பெயிண்டர் கஃபீல்', 'பெயிண்டர் உமேஷ்' என்று அவரவர் பெயரையே எழுத்துருவுக்கு வைத்தார். சின்னக் காரியம்தான். ஆனால் கேள்வியை இருக்க வேண்டிய இடத்தில் வைக்கிறது. தமிழில் தூரிகை எழுத்துரு செய்பவர்களிடமும் 'அழகா இருக்கா' என்று பேசுவதற்கு முன் கேட்க வேண்டியது இதைத்தான்: இது யாருடைய மணிக்கட்டு, அவருக்கு என்ன கொடுத்தீர்கள்?