பெரியோர் இல்லமும் பெரிய இல்லமும்

1897ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கிய சுவாமி விவேகானந்தர், கண்டி, அநுராதபுரம், யாழ்ப்பாணம் என்று வடக்கு நோக்கிப் பிரயாணம் செய்து, பாம்பன் கடந்து, பிப்ரவரியில் சென்னை சேர்ந்து, கடற்கரையோரத்தில் பனிக்கட்டி சேமிப்பதற்கென்று 1842இல் எழுப்பப்பட்ட ஐஸ் ஹவுஸில் ஒன்பது நாட்கள் தங்கினார். அந்த ஒன்பது நாட்களின் பொருட்டே அக்கட்டடம் விவேகானந்தர் இல்லம் என்ற நாமம் பூண்டு, அவர் தங்கிய அறையைத் தியானத்துக்கு ஒதுக்கி, இன்றளவும் வருவோரை ஏற்றுக்கொண்டிருக்கிறது. கொழும்பிலோ அவர் பெயர் ஒரு மேட்டுத் தெருவுக்கும் 1902இல் தோன்றிய ஒரு சபைக்கும் வாய்த்ததே தவிர, அவர் உறங்கி எழுந்த கூரையைத் தேடிப்போய்த் தரிசிக்கும் வழக்கம் வேரூன்றவில்லை. ஒரே யாத்திரையின் இரு துறைகளில் இத்தனை பேதம் இருப்பானேன் என்று ஆராயப் புகுந்தால், பழைய வீட்டைப் பார்ப்பது என்ற காரியத்தையே இவ்விரு நகரங்களும் வெவ்வேறாகப் புரிந்துகொண்டிருப்பது தெரியவரும்.

சென்னையில் பழைய வீட்டுக்குப் போவதென்பது ஒரு மனிதரைத் தரிசிக்கப் போவது. காமராஜர் வாடகைக்குக் குடியிருந்து, 1975ஆம் ஆண்டு காந்தி ஜயந்தியன்று உயிர்நீத்த தியாகராய நகர்த் திருமலைப்பிள்ளை வீதி வீட்டுக்கு வருகிறவர்கள், அதைக் கட்டியவர் யார், உத்திரம் என்ன மரம் என்றெல்லாம் விசாரிப்பதில்லை. ஒன்பது ஆண்டுக் காலம் முதல் மந்திரியாக இருந்தவர் இவ்வளவு சொற்பமான உடைமைகளோடா வாழ்ந்தார் என்று வியந்து, கைகூப்பிவிட்டுப் படியிறங்குகிறார்கள். ஆர்க்காடு தெருவில் உள்ள எம்.ஜி.ஆர். நினைவில்லத்திலும் அவ்வாறே; அங்கே பாடம் செய்து நிறுத்தியிருக்கும் சிங்கத்தின் முன் குழந்தைகள் திகைத்து நிற்க, பெரியவர்கள் படங்களின் முன் நிற்கிறார்கள்.

திருவல்லிக்கேணியில் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் 1921 செப்டம்பரில் காலமான வீட்டை, 1993இல் தமிழக அரசு ஏற்றுப் புதுப்பித்து நினைவில்லம் ஆக்கிற்று. அனுமதிக்குக் கட்டணம் இல்லை. சுவர் நெடுகப் புகைப்படங்களும் கையெழுத்துப் பிரதிகளின் நகல்களும் நெருக்கமாக மாட்டப்பட்டிருப்பதால், எந்தச் சுவர் பழையது, எந்த வாசல் பின்னால் திறந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவன் ஏமாந்துதான் போகவேண்டும்; கவியின் முகத்துக்குப் பின்னால் கவியின் வீடு மறைந்துவிடுகிறது. பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துவரும் ஆசிரியர்கள், பார்த்தசாரதி கோயில் பக்கம் கைநீட்டி, "அந்த யானைதான்" என்று முடித்துவிடுவது சகஜம். கோயில் யானை பாரதியாரைத் தள்ளியது மெய்யே. ஆயினும் அதிலிருந்து தேறி, ஈரோடு வரை சென்று பேசித் திரும்பிய பிறகுதான் வயிற்று நோய் அவரைக் கொண்டுபோயிற்று என்ற சரித்திரம், கதையின் பலத்துக்கு முன் எடுபடுவதில்லை. தரிசனத்துக்கு வந்தவர்களுக்குக் கதையே போதுமானதாக இருக்கிறது.

இந்த மனப்பான்மையின் தோஷம் எதுவென்றால், அரசாங்கம் பலகை மாட்டாத வீடு வீடாகவே கண்ணில் படாமற்போவது. அதே திருவல்லிக்கேணியில், ஏட்டுச் சுவடிகளுக்கிடையே உ. வே. சாமிநாதையர் பல ஆண்டுகள் உழைத்த 'தியாகராஜ விலாசம்', 2012இல் இடித்துத் தள்ளப்பட்டபோது, பத்திரிகைகளில் எழுந்த விசனத்துக்குக் குறைவில்லை. ஆனால் விசனப்பட்டவர்களில் எத்தனை பேர் அதற்கு முன் அந்த வாசற்படி ஏறியிருப்பார்கள் என்பது என் சந்தேகம். மாறாக, ஜெயலலிதா வாழ்ந்த போயஸ் தோட்டத்து வேதா நிலையத்தை நினைவில்லம் ஆக்க அரசு மிகுந்த வேகம் காட்டியும், 2021இல் உயர் நீதிமன்றம் அந்தக் கையகப்படுத்தலை ரத்துச் செய்ய, அது வாரிசுகளிடமே போய்ச் சேர்ந்தது.

கொழும்புக்கு வருவோம். கொள்ளுப்பிட்டியில் 33ஆம் ஒழுங்கையின் கோடியில், 11ஆம் இலக்கத்தில், கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003) வாழ்ந்த வீடு இருக்கிறது. ஒழுங்கையோரம் இருந்த நான்கு சிறு வீடுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தம் வசமாக்கி, சுவர்களைத் துளைத்து, கூரையைத் திறந்து, ஆண்டுக்கணக்காக அவர் இழைத்துக்கொண்டே இருந்த இல்லம் அது. முன்கூட்டிப் பதிந்து, கட்டணம் செலுத்தி, குறித்த நேரத்துக்குப் போனால், வாயிலில் 1934ஆம் ஆண்டு ரோல்ஸ் ராய்ஸ் கார் முதலில் எதிர்ப்படும். அதைத் தாண்டியதும், தரையும் சுவரும் ஒரே வெண்மையாய் நீளும் நடை. நடையின் முடிவில் வானத்தை நோக்கித் திறந்த சிறு முற்றம். அம்முற்றத்தின் ஓரத்தில், செட்டிநாட்டிலிருந்து கடல் கடந்து வந்த மரத்தூண்கள். காரைக்குடிப் பக்கத்தில் வீடுகள் பிரிக்கப்பட்டுத் தூண்கள் நிறை போட்டு விற்கப்பட்ட கதையை அறிந்த தமிழனுக்கு, அத்தூண்களில் ஒன்று இங்கே வெயிலும் மழைச்சாரலும் பட நிற்பதைக் காணும்போது சந்தோஷமும் துக்கமும் ஒருங்கே உண்டாகும். அழைத்துச் செல்பவர் பாவாவின் சரித்திரத்தைவிட வெளிச்சம் எவ்வழியாக உள்ளே வருகிறது என்பதையே அதிகமாகப் பேசுகிறார். இங்கே தரிசனப் பொருள் வீடுதான்.

வீட்டை மதிக்கும் இந்த ஞானத்தின் உச்சம், 'பத்திக்' துணிக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்காகப் பாவா 1960களின் தொடக்கத்தில் ஆல்பிரட் பிளேஸில் கட்டிய இல்லத்தின் கதை. மனை கைமாறி, கட்டடம் அழியவேண்டிய வேளை வந்தபோது, அதைக் கழற்றி, பாகங்களுக்கு அடையாளமிட்டு, பெந்தோட்டையை அடுத்த லுணுகங்கைக்கு ஏற்றிச்சென்று மறுபடியும் எழுப்பினார்கள். தியாகராஜ விலாசத்துக்கு அப்படியொரு பாக்கியம் கிட்டவில்லையே என்று ஏங்கினாலும், மற்றொன்றையும் சொல்லாமல் தீராது: முன்பதிவும் கட்டணமும் உள்ள இவ்வீடுகளில் அந்நிய தேசத்தாரையும் கட்டடக்கலை மாணாக்கரையும் பார்க்கலாம்; புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமி தன் பிள்ளையை அழைத்து வருவதைப் பார்க்க முடியாது. சென்னை நினைவில்லங்களில் அந்தப் பிள்ளைதான் அதிகம். இத்தனைக்கும் அந்த நாட்டாமியின் கைவண்டி தினமும் உராய்ந்துபோகும் பிரின்ஸ் வீதியிலேயே, ஒல்லாந்த ஆளுநர் ஒருவர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வசித்து, பிற்காலத்தில் வைத்தியசாலையாகவும் தபாற்கந்தோராகவும் பயன்பட்ட மாளிகை, 1982இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இரு நகரங்களிலும் எனக்கு மிகவும் உவப்பான வீடு அதுவே. வெளியே வியாபாரக் கூச்சல், உள்ளே முற்றத்துத் தோட்டம்.

மனிதருக்காகவும் அன்றி, சிற்ப நயத்துக்காகவும் அன்றி, தெருவைத் தெருவாகவே பார்க்கும் மூன்றாவது வழியைச் சென்னைக்குப் பழக்கியவர், விசித்திரமாக, கொழும்பிலிருந்து வந்தவர். 'டைம்ஸ் ஆஃப் சிலோன்' பத்திரிகையில் நெடுங்காலம் பணியாற்றி, 1968இல் சென்னைக்கு வந்த எஸ். முத்தையா, 1981இல் இந்நகரைப் பற்றித் தம் முதல் நூலை வெளியிட்டார். 2004இல் நண்பர்களோடு சேர்ந்து ஆகஸ்ட் 22ஐச் சென்னை தினமாகக் கொண்டாடத் தொடங்கினார். அதன் பயனாக, ஆகஸ்ட் மாதக் காலைகளில் ஜார்ஜ் டவுன் சந்துகளிலும் மயிலாப்பூர் மாடவீதிகளிலும் கும்பல் கும்பலாக நடந்து, பூட்டிய கதவையும் உடைந்த தூணையும் நின்று பார்க்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். கொழும்புச் செட்டியார் தெருவில் கதிரேசன் கோயில்களுக்கும் நகைக்கடைகளுக்கும் இடையே அப்படி நடப்பதற்கு விஷயம் ஏராளமாக உண்டு. ஆனால் அங்கே நடக்கும் தமிழர்கள், என்னைப்போலவே, பெரும்பாலும் தங்கத்தின் விலையை விசாரிக்கப் போனவர்கள்.