ஒத்திகை இல்லாத நடிப்பு: திண்டுக்கல் வட்டார ஸ்பெஷல் நாடகம்

தனித்தனியாகப் பேசி அமர்த்தப்பட்ட நடிகர்கள் ஒரே ஓர் இரவுக்கு ஒன்றுகூடி நடிப்பது ஸ்பெஷல் நாடகம். திண்டுக்கல், மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி போன்ற ஊர்களின் நாடக நடிகர் சங்கங்களைச் சார்ந்து இது இயங்குகிறது. ஒரு கிராமம் திருவிழாவில் ‘வள்ளி திருமணம்’ போட முடிவு செய்தால் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என ஒவ்வொருவரும் தனியே அழைக்கப்படுவர். சிலர் அன்றிரவு ஒப்பனையின்போதுதான் முதன்முறையாகச் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. இயக்குநரும் கிடையாது.

இதைப் பயிற்சியற்ற நடிப்பு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) பனுவல் இந்நடிகர்களுக்குப் பொதுவான மனப்பாடம். அவர் 1918-ல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையில் சிறுவர்கள் பாடம் கேட்டு, பாடி, அடி வாங்கிக் கற்றார்கள். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் வேடம் போய்விடும். ஸ்பெஷல் நாடக நடிகருக்கு அந்தக் கம்பெனி வீடு இல்லை. தன் பாடத்தோடு எதிராளியின் பாடத்தையும் அவரே கற்றுவைத்திருக்க வேண்டும்.

வள்ளியும் நாரதரும் மோதும் தர்க்கக் காட்சியில் இந்தத் திறன் தெளிவாகத் தெரியும். எதிரே நிற்பவர் எந்தக் கேள்வியைப் போடுவார், எந்தச் சுருதியில் எடுப்பார் என்பது முன்பே முடிவானதல்ல. காது கூர்மையாக இல்லாதவர் அங்கே நிற்க முடியாது. எதிர்நடிகரைக் கேட்டு நடிப்பது என்று நடிப்புப் பள்ளிகள் வகுப்பு வைத்துச் சொல்வதை, இவர்கள் பிழைப்பின் நெருக்கடியில் கற்கிறார்கள்.

குறைகளும் உண்டு. ஒலிபெருக்கி வந்தபின் நடிகரின் உடல் மைக்குக்கு முன்னால் உறைந்துவிட்டது. கையும் தொண்டையும் மட்டுமே நடிக்கின்றன. பபூன்–டான்ஸ் பகுதி நீண்டு, வள்ளி வரும்போது பாதிக் கூட்டம் பாயில் சரிந்திருக்கும்.

திண்டுக்கல்–மதுரை சாலையில் உள்ள காந்திகிராமத்தில் 1977-ல் நடந்த நாடகப் பயிற்சிப் பட்டறை, சே. இராமானுஜத்தின் முயற்சியில், தமிழ் நவீன நாடகத்துக்கு உடலையும் மேடைவெளியையும் பற்றிய புதிய கவனத்தைத் தந்தது. மைக்குமுன் உறைந்த உடலுக்குத் தேவைப்பட்டதும் அதுவே. ஆயினும் நவீன நாடகக்காரர்கள் மரபைத் தேடியபோது தெருக்கூத்துக்குக் கிடைத்த மரியாதை, சினிமா மெட்டும் திரைச்சீலையும் கலந்த இந்த நாடகத்துக்குக் கிடைக்கவில்லை. கலப்படம் என்ற முன்முடிவு, கையருகே இருந்த தொழிற்திறனை மறைத்தது.

தொழில் என்ற அளவில் இது கடினமானது. பங்குனி, சித்திரையில் தொடர்ந்து இரவுகள். மழைக்காலத்தில் வெறும் கை. பெண்களுக்கு இன்னொரு சுமை உண்டு. மேடையில் அந்நிய ஆணுடன் கேலி பேசி ஆடுபவள் என்ற பழி வீடு வரை வருகிறது. அமெரிக்க ஆய்வாளர் சூசன் சைசர் 2005-ல் வெளியிட்ட நூலில், நடிகைகள் பயணத்தின்போது தனி வண்டி, துணைக்கு ஆள், அடக்கமான உடை என்று மரியாதையைக் காத்துக்கொள்ளும் வழிகளை விரிவாக எழுதியிருக்கிறார். அதுவும் ஒரு நடிப்புதான். அதற்குச் சம்பளம் இல்லை, வண்டிக்கூலிதான் கூடுதல் செலவு.