"இது பரம்பரை": ஒரு விளக்கத்தை எடைபோடுதல்

மேற்கையின் வெளிப்புறத்திலும் தொடையிலும், சில குழந்தைகளுக்குக் கன்னத்திலும், உப்புத்தாளைத் தொட்டதுபோல் பொடிப்பொடியாகக் குருக்கள் எழும்பியிருக்கும். வலி இருக்காது. அரிப்பும் பெரிதாக இருக்காது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றவும் தொற்றாது. மருத்துவம் இதைக் கெரட்டோசிஸ் பிலாரிஸ் என்கிறது. கெரட்டின் என்ற தோல் புரதம் மயிர்க்காலின் வாயில் அளவுக்கு மீறிச் சேர்ந்து அடைப்பாக இறுகுவதுதான் இந்தக் குரு. சிலவற்றுக்குள் வெளியே வர வழியில்லாத முடி சுருண்டு கிடக்கும். பதின்வயதினரில் 50 முதல் 80 விழுக்காட்டினருக்கும், பெரியவர்களில் சுமார் 40 விழுக்காட்டினருக்கும் இது இருப்பதாகத் தோல் மருத்துவ நூல்கள் சொல்கின்றன.

இவ்வளவு பரவலான ஒன்றுக்கு வீட்டிலும் மருத்துவமனையிலும் கிடைக்கும் விளக்கம் பெரும்பாலும் ஒன்றுதான். "வீட்டில் வேறு யாருக்காவது இருக்கா?" என்று மருத்துவர் கேட்பார். "எனக்குச் சின்ன வயசில் இருந்தது" என்று அம்மா சொல்வார். "அப்போ பரம்பரைதான், பயப்பட ஒன்றுமில்லை" என்பதோடு பேச்சு முடியும். அந்த விளக்கம் அடிப்படையில் சரியானது. ஆனால் அதை எட்டும் வழி பலவீனமானது. எட்டியதும் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் நின்றுவிடுவது அதைவிடப் பெரிய குறை.

முதலில் அதன் பலத்தைப் பார்ப்போம். இந்தத் தோல்நிலை குடும்பங்களில் தலைமுறை தாண்டி வருவது நெடுங்காலமாகக் கவனிக்கப்பட்டிருக்கிறது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வரும் ஒரே மரபணுப் பிரதி போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்ற ஆட்சிநிலை மரபு முறையையே பாடநூல்கள் இதற்குச் சொல்கின்றன. கூடவே ஒரு திருத்தமும் உண்டு. மரபணுவைப் பெற்ற எல்லோரிடமும் அது ஒரே அளவில் வெளிப்படுவதில்லை. அண்ணனுக்குக் கை முழுக்க இருக்கும், தங்கைக்குத் தேடினாலும் கிடைக்காது.

2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீனின் குழு இந்தப் படத்தில் ஒரு முக்கியப் பகுதியைத் தெளிவாக்கியது. தோலின் மேலடுக்கைக் கட்டி, ஈரப்பதத்தைக் காக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணு பழுதானால், இக்தியோசிஸ் வல்காரிஸ் என்ற செதில்படும் வறட்டுத்தோல் நோய் உண்டாகிறது என்று அவர்கள் காட்டினார்கள். அந்நோய் உள்ளவர்களிடம் மேற்கைக் குருக்களும், உள்ளங்கையில் வழக்கத்துக்கு மேல் ஆழமான ரேகைகளும் சேர்ந்தே காணப்படுவது உண்டு. ஆக, குடும்ப வழி வருவது என்ற பேச்சுக்கு உயிரியல் ஆதாரம் இருக்கிறது. அதே சமயம், ஃபிலாக்ரின் பழுதே இல்லாத பலருக்கும் இந்தக் குருக்கள் வருகின்றன. சாதாரணக் கெரட்டோசிஸ் பிலாரிஸுக்கு இன்னது என்று ஒற்றை மரபணுவைச் சுட்டிக்காட்ட முடியாது.

இந்த விளக்கத்தால் நடைமுறையில் விளையும் நன்மையும் பெரிது. குளிக்கும்போது சரியாகத் தேய்க்காததால் வந்தது, உடம்புச் சூட்டால் வந்தது, எண்ணெய்ப் பலகாரம் தின்றதால் வந்தது என்று பிள்ளைகள் கேட்கும் ஏச்சுக்கு அளவில்லை. அழுக்கு என்று நம்பி, பீர்க்கங்கூட்டால் தோல் சிவக்கத் தேய்த்துவிடும் வீடுகள் ஏராளம். அப்படித் தேய்ப்பதால் அடைப்பு நீங்காது. மயிர்க்காலைச் சுற்றி அழற்சி கூடும். நம் நிறத்துத் தோலில் அழற்சி ஆறிய இடமெல்லாம் கரும்புள்ளியாக நிற்கும். பிறவியிலேயே தோலின் இயல்பு இது என்று ஒருவர் அழுத்திச் சொன்னால் அந்தப் பிள்ளையின் மேலிருந்து பழி இறங்குகிறது. தேவையற்ற ரத்தப் பரிசோதனைகளும் பூஞ்சைக் களிம்புகளும் நிற்கின்றன. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த விளக்கத்தை நான் மதிக்கிறேன்.

குறை தொடங்குவது அந்த முடிவுக்கு வரும் வழியில். பெரியவர்களில் 40 விழுக்காட்டினருக்கு இது உண்டு என்ற கணக்கை அப்படியே எடுத்துக்கொள்வோம். தாய், தந்தை இருவருக்குமே இல்லாதிருக்கும் வாய்ப்பு வெறும் 36 விழுக்காடுதான். அதாவது, தெருவில் போகும் எந்தப் பிள்ளையை நிறுத்திக் கேட்டாலும், அந்தப் பிள்ளைக்குக் குரு உண்டா இல்லையா என்று பார்க்காமலே, நூற்றுக்கு 64 பேருக்குப் பெற்றோரில் ஒருவருக்காவது இது இருக்கும். இவ்வளவு பரவலான ஒன்றில் "அம்மாவுக்கும் இருந்தது" என்ற ஒற்றைத் தகவல் தனியாக நின்று எதையும் நிறுவாது.

மறுபக்கமும் இதே கணக்கில் தெரிகிறது. 1994இல் பிரிட்டனின் தோல் மருத்துவ இதழில் வெளியான 49 பேரைப் பற்றிய ஆய்வில், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருப்பதாகச் சொன்னவர்கள் 39 விழுக்காடு. சிறிய ஆய்வு, வேறு நாட்டு மக்கள் என்றாலும், தற்செயலாகவே கிடைக்கக்கூடிய 64ஐவிட இது மிகக் குறைவு. காரணம் எளிது: கேட்டால் தெரிவதில்லை. ஆண்களின் கைமுடி குருக்களை மறைக்கிறது. ரவிக்கைக் கையும் சட்டைக் கையும் மறைக்கின்றன. பலருக்கு வயது ஏற ஏற மங்கிப்போய், இருந்ததே மறந்துவிடுகிறது. "எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது" என்ற பதிலை நம்பி வேறு நோயைத் தேடுவதும், "எனக்கும் உண்டு" என்ற பதிலை நம்பித் தேடலை நிறுத்துவதும் ஒரே அளவு பிழையானவை.

நம் நாட்டுக்கு மிக முக்கியமான குறை இதற்கு அடுத்தது. குடும்பம் ரத்தத்தை மட்டும் பகிர்வதில்லை, உலையையும் பகிர்கிறது. இலங்கையில் பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ் 1933இல் ஃபிரினோடெர்மா என்று பெயரிட்ட தோல்நிலையில், மயிர்க்கால்களில் முள்போன்ற கெட்டிக் குருக்கள் எழும்பும். அதன் வேர் ஊட்டக்குறை. முதலில் வைட்டமின் ஏ குறைவு மட்டுமே காரணம் என்று கருதினார்கள். பின்னர் இன்றியமையாக் கொழுப்பு அமிலங்கள், பி வகை வைட்டமின்கள், மொத்த உணவின் போதாமை ஆகியவையும் சேர்ந்தன. குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் 1930களில் தென்னிந்தியப் பள்ளிக் குழந்தைகளின் ஊட்டநிலையை ஆராய்ந்தபோது கவனித்த அறிகுறிகளில் இதுவும் ஒன்று. ஒரே சோற்றுப்பானையில் உண்ணும் அண்ணன், தம்பி, அக்கா மூவருக்கும் அது வரும். "வீட்டில் வேறு யாருக்காவது இருக்கா?" என்ற கேள்விக்கு அங்கேயும் "இருக்கு" என்றுதான் பதில் கிடைக்கும். அந்தப் பதிலை வைத்துப் பரம்பரை என்று எழுதி அனுப்பினால், பசியை மரபணுவின் கணக்கில் எழுதிவிட்டோம் என்று பொருள்.

பார்க்கத் தெரிந்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். கெரட்டோசிஸ் பிலாரிஸ் மேற்கையின் வெளிப்புறத்தையும் தொடையையும் நாடும். ஃபிரினோடெர்மா முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் தடித்துக் கெட்டியாக நிற்கும். மாலைக்கண், கண்வெண்மையில் நுரைபோன்ற திட்டு, வாயோரப் புண், எடைக் குறைவு என ஏதாவது கூடவே இருந்தால் சந்தேகம் உறுதியாகும். இதற்குத் தேவை சில நிமிடப் பரிசோதனையும் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிய அக்கறையான விசாரிப்பும்.

மரபு உண்மையிலேயே கனமாக நிற்கும் இடங்களும் இந்த அவசரத்தில் தவறிப்போகின்றன. குருக்களோடு புருவத்தின் வெளிப்பாதி உதிர்வது, தழும்பு விழுவது, வளர்ச்சி குன்றுவது, இதயத்தில் குறை இருப்பது ஆகியவை சேர்ந்தால், அது நூனன் நோய்க்குறி போன்ற அரிய மரபுநோயின் அடையாளமாக இருக்கலாம். அந்தக் குழந்தைக்கு மரபியல் ஆலோசனை கட்டாயம் வேண்டும். "பரம்பரைதான், பயப்பட ஒன்றுமில்லை" என்ற வாடிக்கைப் பதில் அங்கே ஆபத்தானது.

உறவுத் திருமணத்தின் பங்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் கால்பங்குக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. ஃபிலாக்ரின் மரபணுவில் ஒரு பிரதி பழுதானால் தோல் இலேசாக வறளும். இரண்டும் பழுதானால் செதில் கடுமையாகும். மாமன் மகளும் அத்தை மகனும் ஒரே பழுதைத் தாங்கியிருந்தால் பிள்ளைக்கு இரண்டும் சேரலாம். முன்கூட்டியே தெரிந்துகொள்ள இது உதவும். ஆனால் வீடுகளில் இந்த அறிவு பெரும்பாலும் எதிர்த்திசையில் பாய்கிறது. "அம்மா வீட்டு வழி" என்று மருமகளின் மேல் பழி விழுகிறது; பெண் பார்க்க வருபவர்கள் வரும்போது முழுக்கைச் சட்டை தேடப்படுகிறது. தந்தை வழியாகவும் அதே அளவு வாய்ப்போடு வரக்கூடிய, உடலுக்குத் தீங்கே செய்யாத ஒன்றுக்காக ஒரு பெண் கூனிக்குறுகுவது எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளையின் மேலிருந்து பழியை இறக்கும் விளக்கம் அதைத் தாயின் மேல் ஏற்றிவிடக் கூடாது.

கடைசிக் குறை, பரம்பரை என்றால் கைவிடுவது. மரபில் வந்ததற்கு மருந்தில்லை என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. முற்றிலும் போக்கும் மருந்து இல்லை என்பது மெய்தான். அடக்கி வைக்க வழி இருக்கிறது. வெந்நீரில் நெடுநேரம் குளிப்பதைத் தவிர்த்து, குளித்த ஈரம் காயும் முன் ஈரப்பதக் களிம்பைப் பூசுவது முதல் படி. யூரியா, லாக்டிக் அமிலம், சாலிசிலிக் அமிலம் கலந்த களிம்புகளை மருத்துவர் சொல்லும் அளவில் தொடர்ந்து பூசினால் சில வாரங்களில் சொரசொரப்பு தணியும். நிறுத்தினால் திரும்பும் என்பதையும் முன்னமே சொல்லிவிட வேண்டும். வயதாக ஆகத் தானே போய்விடும் என்ற ஆறுதலையும் அளந்தே சொல்ல வேண்டும். மேலே சொன்ன 1994 ஆய்வில் வயதோடு குறைந்ததாகச் சொன்னவர்கள் 35 விழுக்காடு. மாறாமல் இருந்ததாக 43, கூடியதாக 22.

எடைபோட்டால் தராசு எங்கே நிற்கிறது? மரபு வழி விளக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. அதைத் தேடும் முறையை மாற்றினால் போதும். குழந்தையை அழைத்து வந்த தாயிடமோ தந்தையிடமோ வாயால் கேட்பதோடு நிற்காமல், சட்டைக் கையை மடிக்கச் சொல்லி மேற்கையைத் தடவிப் பார்க்கலாம். உள்ளங்கை ரேகையையும் கெண்டைக்கால் தோலையும் பார்க்கலாம். உடன்பிறந்தாருக்கு இருந்தால் எந்த இடத்தில் என்று கேட்டு, அடுத்ததாக வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்றும் கேட்கலாம். கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் இதற்கு நேரம் ஏது என்பது நியாயமான மறுப்பு. ஆனால் இவை அனைத்துக்கும் சேர்த்து ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. கருவி எதுவும் வேண்டாம். ஊட்டக்குறையுள்ள ஒரு குழந்தையைப் பரம்பரை என்று திருப்பி அனுப்பாமல் இருக்க அந்த ஐந்து நிமிடம் நாம் கொடுத்தே ஆக வேண்டியது.