அலீடா வல்லி: சலனமற்ற முகத்தின் நடிப்பு

அலீடா வல்லி 1921 மே 31 அன்று, அப்போது இத்தாலியின் வசமிருந்த போலா துறைமுக நகரில் பிறந்தார். இன்று அது குரோவேஷியாவின் பூலா. ஆல்டன்பர்கர் என்ற ஆஸ்திரிய வேர்கொண்ட பிரபுக் குடும்பம். பிறப்பாலேயே பாரனஸ் பட்டம். பதின்ம வயதில் ரோமுக்கு வந்து திரைப்படப் பள்ளியில் பயின்றார்.

முசோலினி காலத்து இத்தாலியில் 'வெள்ளைத் தொலைபேசிப் படங்கள்' எனப்பட்ட மேட்டுக்குடிக் காதல் நகைச்சுவைகள் மலிந்திருந்தன. வல்லி முதலில் புகழ்பெற்றது அவற்றில்தான். 1941இல் மாரியோ சொல்தாத்தியின் 'பிக்கோலோ மோண்டோ அன்டிகோ'வில் குழந்தையை ஏரிக்குப் பறிகொடுத்த தாயாக நடித்து அந்த வார்ப்பிலிருந்து வெளியேறினார். 1942இல் வந்த 'நோய் விவி' சோவியத் ஆட்சியைச் சாடும் கதை; பார்வையாளர்கள் அதில் தம் நாட்டுச் சர்வாதிகாரத்தையும் கண்டுகொண்டதால் அரசு படத்தை முடக்கியது.

போருக்குப் பின் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் அவரை ஹாலிவுட்டுக்கு வரவழைத்து, முதற்பெயரை வெட்டி 'வல்லி' என்று மட்டும் விளம்பரப்படுத்தினார். ஹிட்ச்காக்கின் 'த பாரடைன் கேஸ்' (1947) வசூலில் தோற்றது. அந்த ஒப்பந்தத்தால் விளைந்த பெரும் நன்மை, வியன்னாவில் எடுக்கப்பட்ட 'த தேர்ட் மேன்' (1949). இறுதிக் காட்சியில் கல்லறைத் தோட்டத்துச் சாலையின் கோடியிலிருந்து வல்லி நடந்து வருகிறார். ஓரமாய் நாயகன் ஜோசப் காட்டன் காத்து நிற்கிறார். கேமரா அசைவதில்லை. ஒரு நிமிடத்துக்கும் மேல் நடந்து வந்தவர், அவரை ஏறெடுத்தும் பாராமல் கடந்து போகிறார். கதாசிரியர் கிரகாம் கிரீன் இருவரையும் சேர்த்துவைக்கவே விரும்பினார். இயக்குநர் கரோல் ரீட் இணங்கவில்லை. வல்லியின் அந்த நடை ரீடின் பக்கமே நியாயம் என்று காட்டிவிட்டது.

இத்தாலி திரும்பியவருக்கு 1954இல் லூகினோ விஸ்கோந்தியின் 'சென்சோ' வாய்த்தது. விஸ்கோந்தியும் பிரபு வம்சத்தவர்தான். 1866இல் ஆஸ்திரியாவுக்கு எதிராகப் போராடும் தேசபக்தர்களின் பணத்தை, ஆஸ்திரியப் படை அதிகாரியான காதலனுக்குத் தூக்கிக் கொடுக்கும் சீமாட்டி வேடம். அவன் எள்ளி நகையாடியதும் அவனைக் காட்டிக்கொடுத்து, சுட்டுக்கொல்ல வைக்கிறாள். அடக்கத்துக்குப் பேர்போன முகம் இங்கே மட்டும் முற்றிலும் உடைகிறது. அவருடைய ஆகச் சிறந்த நடிப்பு இதுவே எனலாம்.

ஏறக்குறைய அதே காலத்தில், ஓர் இளம்பெண்ணின் மர்ம மரண வழக்கில் வல்லியின் நண்பரான இசையமைப்பாளர் சிக்கினார். அவருக்காகச் சாட்சி சொன்ன வல்லியைப் பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. நண்பர் 1957இல் விடுதலையானார். அதே ஆண்டு வல்லி நடித்த, இயக்குநர் அந்தோனியோனியின் 'இல் கிரிதோ' வெளிவந்தது.

பின்னர் பிரான்சில் இரண்டு முக்கியப் படங்கள். ஜார்ஜ் பிரான்ஜுவின் 'முகமற்ற கண்கள்' (1960) படத்தில், அறுவை மருத்துவருக்காக இளம்பெண்களைக் கடத்தும் உதவியாளர். தன் தழும்பை மறைக்கக் கழுத்தை ஒட்டி முத்துச்சரம் அணிந்திருப்பார். ஹென்றி கோல்பியின் 'இவ்வளவு நீண்ட இன்மை'யில், நினைவிழந்த நாடோடியைத் தொலைந்துபோன தன் கணவன் என்று நம்பும் உணவு விடுதிக்காரி. 1961இல் கான் விழாவின் தங்கப் பனை விருதை இப்படம் புனுவேலின் 'விரிதியானா'வுடன் பகிர்ந்துகொண்டது.

வயதேறியபின் பசோலினி, பெர்தோலுச்சி படங்களில் தோன்றினார். தாரியோ அர்ஜெந்தோவின் 'சுஸ்பீரியா'வில் (1977) விறைப்பான நடன ஆசிரியையாக வந்து திகில் பட ரசிகர்களையும் ஈர்த்தார். 1997இல் வெனிஸ் விழா வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் வழங்கியது. 2006 ஏப்ரல் 22 அன்று ரோமில் காலமானார்.