எட்டு மணி நேரச் சாட்சியம்

ஒரே நிகழ்ச்சியைக் கண்ட இருவர் இரு வேறு தீர்ப்புகள் கூறுவது உலகத்துக்குப் புதிதன்று. ஆனால், ஒரே படச்சுருளிலிருந்து ஒன்றுக்கொன்று மாறான இரு தீர்ப்புகள் பிறப்பது அரிது. 2021 நவம்பரில் மூன்று பகுதிகளாக வெளிவந்த ‘தி பீட்டில்ஸ்: கெட் பேக்’ என்னும் ஆவணப்படம் அத்தகைய அரிய நிகழ்வு. ராக் இசையில் நாட்டம் இல்லாதவர்களும் இதைக் காணலாம் என்பது நம் கருத்து. மனிதரை மதிப்பிடும் முறை பற்றி இது எழுப்பும் கேள்வி எல்லோருக்கும் உரியது.

1969 ஜனவரியில் லண்டனின் ட்விக்கன்ஹாம் படப்பிடிப்பு நிலையத்தில் ஜான் லெனன், பால் மக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நால்வரும் புதிய பாடல்களை உருவாக்கக் கூடினர். மைக்கேல் லிண்ட்சே-ஹாக் அதனைப் படமாக்கினார். ஏறத்தாழ 60 மணி நேரப் படமும், 150 மணி நேரத்துக்கு மேற்பட்ட ஒலிப்பதிவும் சேர்ந்தன. அவற்றிலிருந்து அவர் தெரிந்தெடுத்த 80 நிமிடங்களே 1970 மே மாதம் ‘லெட் இட் பீ’ என்னும் படமாக வந்தன. அதே பெயருடைய இசைத்தட்டும் அம்மாதமே வெளியாயிற்று. குழு பிரிந்துவிட்டது என்ற செய்தி அதற்கு முந்திய மாதம்தான் பரவியிருந்தது. ஆதலின், மக்கள் அப்படத்தைத் துக்க வீட்டுக்குச் சென்றவர்களைப் போலப் பார்த்துத் திரும்பினர்.

அதே சுருள்களைக் கொண்டு இயக்குநர் பீட்டர் ஜாக்சன் ஏறத்தாழ 8 மணி நேரப் படத்தை அமைத்திருக்கிறார். ஒரு காலை, ஜான் இன்னும் வந்து சேரவில்லை. பால் தம் பாஸ் கிதாரை விடாமல் மீட்டிக்கொண்டிருக்கிறார். ஜார்ஜ் கொட்டாவி விடுகிறார். ரிங்கோ பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். ஓரிரு நிமிடங்களில், ‘கெட் பேக்’ என்று பின்னர் உலகறிந்த பாடல் நம் கண்முன் உருப்பெறுகிறது. பாடல் பிறக்கும் கணத்தை இத்தனை எளிமையாகக் காட்டிய படம் வேறொன்றை நாம் கண்டதில்லை.

குழுவைப் பிரித்தவர் என்று பல்லாண்டுகள் பழி சுமந்தவர் யோக்கோ ஓனோ. இப்படத்தில் அவர் பெரும்பாலும் ஜானின் அருகே அமைதியாக அமர்ந்து செய்தித்தாள் படிக்கிறார், கடிதங்களைப் பிரிக்கிறார். அவர் ஒலிபெருக்கிமேல் உட்கார்ந்ததால் பிரிந்தோம் என்று ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் உலகம் சொல்லுமே என்று பால் அப்போதே நகைத்திருக்கிறார். 80 நிமிடங்களில் தெளிவுபடாத உண்மை 8 மணி நேரத்தில் தெளிவாகிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஜனவரி 10ஆம் தேதி ஜார்ஜ் குழுவை விட்டு வெளியேறினார். துயரப்படம் எனப் பெயரெடுத்த 1970ஆம் ஆண்டுப் படம் அதை மறைத்தது. மகிழ்ச்சிப் படம் எனப் புகழப்படும் ஜாக்சனின் படமே அதைக் காட்டுகிறது. துயரைக் காட்டியும் ஒரு படம் நம்பிக்கை தர முடியும் என்பதற்கு இது சான்று. பின்னர் ஜார்ஜ் திரும்புகிறார். சாவில் ரோ தெருவிலுள்ள தங்கள் கட்டடத்துக்கு அவர்கள் இடம் மாறுகின்றனர். பில்லி பிரஸ்டன் கீபோர்டு வாசிக்க வந்ததும் அனைவர் முகமும் மலர்கிறது. ஜனவரி 30 அன்று அக்கட்டடத்தின் மொட்டை மாடியில் 42 நிமிடங்கள் வாசித்தனர். பொதுமக்கள் கேட்க அவர்கள் சேர்ந்து வாசித்தது அதுவே கடைசி.

இத்தனை பாராட்டுக்கும் உரிய படத்தில் நம் மனம் ஒப்பாத செயல் ஒன்றும் உண்டு. தங்கள் சொந்தப் பேச்சு பதிவாகாதிருக்க, அவர்கள் பேசும்போது கிதாரை உரக்க மீட்டுவார்களாம். ஜாக்சனின் குழுவினர் கணினியின் துணையால் அவ்வொலியை நீக்கிப் பேச்சைத் தனியே பிரித்தெடுத்தனர். ஜார்ஜ் விலகியபின் சிற்றுண்டிச் சாலையில் ஜானும் பாலும் பேசியதையோ, அன்றைய படக்குழு பூந்தொட்டியில் ஒளித்த ஒலிவாங்கி பதிவு செய்திருந்தது. ஜார்ஜின் மனப்புண்ணுக்கு மருந்திடாது ஆழப்படவிட்டோம் என்று அங்கே ஒப்புக்கொள்ளப்படுவதைக் கேட்கையில் உள்ளம் உருகுகிறது. எனினும், தனித்துப் பேசிய பேச்சு ஓர் அமானிதம் அல்லவா? 1980இல் ஜானும் 2001இல் ஜார்ஜும் மறைந்துவிட்டனர். தயாரிப்பாளர் பட்டியலில் பால், ரிங்கோ ஆகியோரோடு யோக்கோவும் ஜார்ஜின் மனைவி ஒலிவியாவும் இருக்கின்றனர். அவர்களின் இசைவு இறந்தவர்களின் இசைவாகிவிடுமா?

பழியைத் துடைக்க முழுமையான சாட்சியம் வேண்டும். அதற்காக இப்படத்தை மனமார வரவேற்கிறோம். ஆனால் யோக்கோவின் மீதான பழியைத் துடைத்தவை, படக்கருவி எதிரே இருப்பதை அறிந்தே அவர்கள் கழித்த மணி நேரங்கள். அதற்குப் பூந்தொட்டியின் உதவி தேவைப்படவில்லை. அந்தச் சில நிமிடங்களை விட்டிருந்தாலும் இப்படத்தின் தீர்ப்பு மாறியிராது. மறைந்தவர்களின் மதிப்பு மட்டும் காக்கப்பட்டிருக்கும்.