ராப்பா ராக்கா: திறமையை எங்கே தேடுவது?

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் ஹெட்லி கிரேஞ்ச் என்றொரு பழைய கட்டடம் இருக்கிறது. லெட் செப்பலின் குழு தன் நான்காவது தொகுப்பை அங்கே பதிவுசெய்தபோது, ஜான் பான்ஹமின் டிரம்ஸைப் படிக்கட்டுக் கூடத்தில் வைத்து, மேலிருந்து மைக்குகளைத் தொங்கவிட்டார்கள். 1971-இல் வந்த 'வென் த லெவி பிரேக்ஸ்' பாடலின் தொடக்கத்தில் கேட்கும் கனத்த, எதிரொலி தோய்ந்த அடி அப்படிப் பிறந்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்து பீஸ்டி பாய்ஸ் என்ற நியூயார்க் ராப் குழு தன் முதல் தொகுப்பின் முதல் பாடலுக்கு அதே அடியை எடுத்துச் சுழலவிட்டு, அதன்மேல் தன் வரிகளைப் பாடியது.

ராக் ரசிகர் கேட்பார்: பான்ஹம் கையும் காலும் நோக உழைத்துப் பெற்றதை இசைத்தட்டிலிருந்து உருவிக்கொள்வதில் என்ன திறமை? ராப் ரசிகரிடம் பதில் தயாராக இருக்கும். லெட் செப்பலினின் பாடலே 1929-இல் கான்சாஸ் ஜோ மெக்காயும் மெம்பிஸ் மின்னியும் பதிவுசெய்த ப்ளூஸ் பாடலின் மறுஆக்கம்தான். இரு தரப்பிலும் கடன் உண்டு. வாங்கியதை வைத்து என்ன செய்தார்கள் என்பதே ஆய்வுக்குரியது.

இரண்டில் எதற்குத் திறமை அதிகம் தேவை என்ற கேள்வி பெரும்பாலும் ராப்பைக் குறைத்துப் பேசவே எழுப்பப்படுகிறது. 2015-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் நாளிதழ்ப் பேட்டி ஒன்றில், ராப்பில் சொற்கள் ஏராளம், சொல்லப்படுவது சொற்பம் என்ற பொருள்படப் பேசினார். சுருதி உணர்வில்லாதவர்கள் எத்தனை பேர் என்பதைத்தான் அது காட்டிக்கொடுத்தது என்றும் சொன்னார். அவர் கையில் இருந்த அளவுகோல் சுருதி. ராப்பின் உழைப்பு பெரும்பாலும் சுருதியில் நடப்பதில்லை. அசையைக் காலத்தில் எங்கே வைப்பது என்பதில் நடக்கிறது. இதைக் கடந்த முப்பது ஆண்டு இசையாய்வு போதிய அளவு நிறுவிவிட்டது என்பது என் முடிவு.

ராக் இசையும் ஒரு காலத்தில் இதே கூண்டில் நின்றதுதான். மூன்று கார்டுகள், பெரும் இரைச்சல், அவ்வளவுதான் என்றார்கள். அந்த எண்ணத்தை உடைத்தவர்களில் ராபர்ட் வால்சர் முக்கியமானவர். ஹெவி மெட்டல் பற்றிய அவருடைய நூல் 1993-இல் வந்தது. எடி வான் ஹேலனின் 1978-இல் வெளிவந்த 'இரப்ஷன்' தனிக் கிட்டார் வாசிப்பை அவர் ஸ்வரக் குறியீட்டில் எழுதிக்காட்டி, விவால்டி, பாக் ஆகியோரின் வாசிப்பு மரபு அதற்குள் ஓடுவதை விளக்கினார். அதே வால்சர் 1995-இல் பப்ளிக் எனிமி ராப் குழுவைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதி, சக் டி-யின் குரலைத் தாளக் குறியீட்டில் எழுதிக்காட்டினார். இரண்டு இசைகளையும் ஒரே கருவியால் ஆராய்ந்த அந்தத் துணிவு பாராட்டுக்குரியது. ஆனால் கிட்டார்க்காரருக்கு மதிப்புத் தேட பாக் வரை போகவேண்டியிருப்பது எனக்கு உவப்பாக இல்லை. ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு ஸ்வரக் குறியீடு வாசிக்கத் தெரியாது. 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் மேடையில் அவர் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்ததைத் தாளில் எழுதினால் பள்ளிப் பிள்ளைகள் பாடும் மெட்டுதான் மிஞ்சும். ஆம்ப்ளிஃபயரின் ஊளையை அடக்கியும் அவிழ்த்தும் அவர் செய்ததெல்லாம் ஒலியின் நிறத்தில் இருக்கிறது. ராக்கின் தலையாய திறமை அந்த நிறம்தான். அதைக் குறியீடு பிடிக்காது. குறியீட்டுக்குள் அகப்படாததால் ராப்பைத் தள்ளுகிறவர்கள் ஹெண்ட்ரிக்ஸையும் தள்ளியாக வேண்டும்.

பயிற்சியைப் பற்றிய ஆய்வுகளும் இந்த வாதத்தில் அடிக்கடி இழுக்கப்படுகின்றன. ஆண்டர்ஸ் எரிக்சனும் கூட்டாளிகளும் 1993-இல் பெர்லின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து எழுதியது பிற்பாடு பத்தாயிரம் மணி நேரம் பயின்றால் தேர்ச்சி வரும் என்ற கதையாகப் பரவியது. 1960 முதல் 1962 வரை பீட்டில்ஸ் ஹாம்பர்க் விடுதிகளில் இரவெல்லாம் வாசித்தது அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. 2014-இல் வந்த ஒரு தொகுப்பாய்வோ, இசைத் தேர்ச்சியில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 21 விழுக்காட்டைத்தான் முறையான பயிற்சியால் விளக்க முடிகிறது என்றது. எனக்கு இவற்றைவிடப் பயன்பட்டது லூசி கிரீனின் ஆய்வு. லண்டன் பகுதியில் 14 வெகுசன இசைக் கலைஞர்களிடம் பேசி, அவர்கள் ஆசிரியரிடம் கற்றதைவிட ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டுப் போலச்செய்தும், நண்பர்களோடு சேர்ந்து வாசித்தும் கற்றதே அதிகம் என்று அவர் காட்டினார். தெருமுனையில் வட்டமாக நின்று ஒருவர் மாற்றி ஒருவர் வரி கட்டும் ராப் இளைஞர்களின் கல்வியும் அதே வகைதான்.

இனி ராப்பின் உள்ளே போகலாம். ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, நான்கு அடி. ஒவ்வொரு அடியையும் நான்காகப் பகுத்தால் பதினாறு இடம். 1979-இல் வந்த 'ராப்பர்ஸ் டிலைட்' போன்ற தொடக்ககாலப் பாடல்களில் ஒரு வாக்கியம் ஒரு பாரில் முடியும். ஒத்த ஒலி நான்காம் அடியில் வந்து விழும். நம் யாப்பில் இயைபு எனப்படுவதற்கு அது நெருக்கம். கேட்பவர் அடுத்த ஒலி எங்கே விழும் என்று முன்கூட்டியே அறிந்திருப்பார். 1987-இல் எரிக் பி, ராகிம் இருவரின் 'பெய்ட் இன் ஃபுல்' தொகுப்பு வந்தபோது அந்த எதிர்பார்ப்பு குலைந்தது. ராகிம் சாக்ஸஃபோன் வாசித்தவர். ஜான் கோல்ட்ரேனைக் கேட்டு வளர்ந்தவர். வாக்கியத்தைப் பாரின் நடுவில் தொடங்கி அடுத்த பாருக்குள் இழுத்து முடித்தார். ஒலியொப்புமை வரியின் வயிற்றுக்குள் வந்தது. ஓரசைக்குப் பதில் மூன்று நான்கு அசைகள் சேர்ந்து ஒத்தன. குரலோ உயரவேயில்லை. இத்தனையையும் அமைதியாகப் பேசுகிறவரின் தொனியில் செய்தார். ராப் வரலாற்றில் இதைவிடப் பெரிய தொழில்நுட்ப மாற்றம் நிகழவில்லை என்றே நினைக்கிறேன்.

இதற்கெல்லாம் அந்த வட்டத்தில் வழங்கும் பெயர் ஃப்ளோ. கைல் ஆடம்ஸ் 2009-இல் எழுதிய கட்டுரை அதைப் பிரித்துக் காட்டியது. ஒத்த அசை எங்கே விழுகிறது, அழுத்தம் பெறும் அசை எங்கே விழுகிறது, வாக்கிய எல்லையும் பார் எல்லையும் எவ்வளவு பொருந்துகின்றன, ஓர் அடிக்குள் எத்தனை அசை என்பவை ஒருபுறம். மெய்யெழுத்தை வெட்டிச் சொல்கிறாரா இழைத்துச் சொல்கிறாரா, அடிக்குச் சற்று முந்துகிறாரா பிந்துகிறாரா என்பவை மறுபுறம். 2019-இல் மிட்செல் ஒரைனர் இதைக் கணினி உதவியோடு நூலாக விரித்தார். ராப் கலைஞர் தாலிப் க்வெலி பீட்டோடு ஒட்டாமல் போகிறார் என்று சொல்வதுண்டு. ஒரைனர் அந்த விலகல்களை அளந்து, அவற்றில் ஓர் ஒழுங்கைத் தேடினார். சுருதி பிசகும் பாடகரை நம் காது உடனே பிடித்துவிடும். ஓர் அசையின் கால் பங்கு பிசகும் ராப் கலைஞரைப் பிடிக்கக் காதுக்கு வேறு பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாதவர் எல்லா ராப்பும் ஒன்றுபோல் இருக்கிறது என்பார்.

எளிதில் எண்ணக்கூடியவற்றைத் திறமை என்று காட்டும் முயற்சிகள்மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. எமினெம் 2013-இல் வெளியிட்ட 'ராப் காட்' பாடலில் ஆறு நிமிடம் நான்கு நொடியில் 1,560 சொற்கள் இருப்பதாகக் கின்னஸ் பதிவு செய்தது. வியப்புதான், ஆனால் வேகம் இந்தக் கலையின் கடைநிலைத் திறமை. 2014-இல் மாட் டேனியல்ஸ் ஒவ்வொரு ராப் கலைஞரின் முதல் 35,000 சொற்களை எடுத்து, அவற்றில் வெவ்வேறான சொற்கள் எத்தனை என்று எண்ணி வரிசைப்படுத்தினார். ஏசாப் ராக் முதலிடம், டிஎம்எக்ஸ் கடைசி. டிஎம்எக்ஸின் கரகரப்பையும் உறுமலையும் மூச்சின் சீற்றத்தையும் ஒருமுறை கேட்டவர்கள் அந்தப் பட்டியலை மடித்து வைத்துவிடுவார்கள்.

மேடையில் அந்த நொடியில் கட்டிப் பாடும் ஃப்ரீஸ்டைலை மூளையாய்வாளர்களும் தொட்டிருக்கிறார்கள். 2012-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 12 கலைஞர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, மனப்பாட வரிகளைச் சொல்லவிட்டும், புதிதாகக் கட்டிப் பாடவிட்டும் ஒப்பிட்டார்கள். புதிதாகக் கட்டும்போது முன்மூளையின் நடுப்பகுதி சுறுசுறுப்படைந்து, தன்னைக் கண்காணிக்கும் வெளிப்பகுதி தணிந்தது. 12 பேரை வைத்துப் பெரிதாக எதையும் நிறுவ முடியாது. என்றாலும் ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்று நாற்கவி வகுத்து, கொடுத்த பொருளில் கொடுத்த நொடியில் பாடுபவரை முதலில் நிறுத்திய மொழிக்காரர்கள் ஃப்ரீஸ்டைலைத் திறமையற்றது என்று சொல்வதற்கு வழியில்லை.

பீட் அமைப்பவர்களின் கலை பற்றித்தான் வெளியுலகுக்கு மிகக் குறைவாகத் தெரியும். 1973 ஆகஸ்ட் 11-ஆம் நாள் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தில் ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் இசைத்தட்டு சுழற்றிய விருந்தை ஹிப்ஹாப்பின் பிறப்பாகச் சொல்வது வழக்கம். பாடலில் டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளை, ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளைக்கொண்டு நீட்டியவர் அவர். எலெக்ட்ரானிக்ஸ் படித்த கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ், தட்டின்மேல் கிரேயானால் குறியிட்டு அதைத் துல்லியமாக்கினார். வறுமைதான் இந்த இசையைப் பிறப்பித்தது, 1975 நியூயார்க் நகர நிதி நெருக்கடியில் பள்ளிகளில் இசையாசிரியர்கள் வேலையிழந்ததால் பிள்ளைகள் இசைத்தட்டைக் கையிலெடுத்தார்கள் என்று ஒரு விளக்கம் உலவுகிறது. ஹெர்க்கின் விருந்து அந்த நெருக்கடிக்கு இரண்டு ஆண்டு முந்தியது என்பதை அதைச் சொல்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். இல்லாமையால் மட்டும் விளைந்த இசையாக இதைப் பார்ப்பதும் அதன் புத்திக்கூர்மையைக் குறைப்பதே.

1987-இல் வந்த எஸ்பி-1200 கருவியில் மொத்தம் பத்து நொடி ஒலியைத்தான் சேமிக்க முடியும். அதனால் 33 வேகத் தட்டை 45 வேகத்தில் ஓடவிட்டுப் பதிந்து, கருவிக்குள் மறுபடி தாழ்த்தினார்கள். இடம் மிச்சமானது, கூடவே ஒரு சொரசொரப்பும் சேர்ந்தது. அந்தச் சொரசொரப்பே ஒரு காலகட்டத்தின் அடையாளமாயிற்று. ஜோசஃப் ஷ்லாஸ் 2004-இல் எழுதிய 'மேக்கிங் பீட்ஸ்' இந்தக் கலைஞர்களோடு பழகி எழுதிய நூல். பழைய தட்டுகளைத் தேடி அலையும் உழைப்பும், இன்னொருவர் எடுத்த துண்டை எடுக்கக் கூடாது என்பது போன்ற எழுதாச் சட்டங்களும் அதில் விரிவாக வருகின்றன. திருட்டு என்று வெளியே சொல்லப்படும் தொழிலுக்குள் இவ்வளவு கண்டிப்பான ஒழுக்கம் இருப்பதை அந்நூல் சொன்ன விதம் என்னை வெகுவாகக் கவர்ந்தது. 1991-இல் ராப் கலைஞர் பிஸ் மார்க்கிக்கு எதிரான நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் துண்டுகளுக்கு அனுமதியும் பணமும் கட்டாயமாகி, பப்ளிக் எனிமி பாணியில் பற்பல துண்டுகளை அடுக்கும் கலை பெரும்பாலும் கட்டுப்படியாகாமல் போனது. அது இசைக்கு நேர்ந்த இழப்பு. பிரபலமான துண்டுகளை வாசித்த டிரம்ஸ் கலைஞர்கள் பலருக்கு ஒரு காசும் கிடைக்காமல் போனதும் இழப்புதான். ராப்பை விரும்புகிறவர்கள் அதை மழுப்பக் கூடாது.

டெட்ராய்ட்டின் ஜே டில்லாவைப் பற்றி டான் சார்னஸ் 2022-இல் எழுதிய நூல் இந்தத் துறையின் அண்மைக்கால உச்சம். இயந்திரம் அடிகளைத் தானாகச் சரிசெய்ய விடாமல், நேரான நடையையும் துள்ளல் நடையையும் ஒரே சமயத்தில் மோதவிட்டு, டில்லா ஒரு புதிய காலவுணர்வை உண்டாக்கினார் என்கிறார் சார்னஸ். கர்நாடக இசையின் அதீத, அநாகத எடுப்புகளைக் கேட்டுப் பழகிய நம் காதுக்கு இது எட்டாத செய்தி அல்ல. அதன்பின் நடந்ததுதான் ராப், ராக் வாதத்துக்கு நேரடியாகப் பொருந்துகிறது. ரூட்ஸ் குழுவின் டிரம்ஸ் கலைஞர் குவெஸ்ட்லவ், டில்லா இயந்திரத்தில் செய்ததைக் கையால் வாசிக்கத் தன்னைப் புதிதாகப் பழக்கிக்கொண்டார். ரேஜ் அகைன்ஸ்ட் த மெஷின் குழுவின் டாம் மொரெல்லோ கிட்டாரின் சுவிட்சைத் தட்டித் தட்டி டிஜே-யின் ஸ்க்ராட்ச் ஒலியை எழுப்பினார். திறமையில்லாத இசையிடம் இவர்கள் ஏன் பாடம் கேட்டார்கள்?

ராக்குக்கு மட்டுமே உரிய ஒன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நான்கு பேர் ஒரே அறையில், ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு, சொல்லாமலே வேகம் கூட்டிக் குறைத்து வாசிப்பது. பான்ஹமும் லெட் செப்பலினின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜும் ஒருவரையொருவர் துரத்தும் கணங்களுக்கு ஈடாக ராப்பில் எனக்கு எதுவும் அகப்பட்டதில்லை. ரூட்ஸ் போன்ற வாத்தியக் குழுக்கள் விதிவிலக்கு. பதிவறை ரகசியங்களை வைத்து எந்தப் பக்கமும் வெல்ல முடியாது: பேர்ட்ஸ் குழுவின் 1965 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாடலில் ரோஜர் மெக்வின் வாசித்தது தவிர மற்ற வாத்தியங்களை வாசித்தவர்கள் கூலிக்கு வந்த கலைஞர்கள், 'ராப்பர்ஸ் டிலைட்' வரிகளில் ஒரு பகுதி அதைப் பாடிய குழுவில் இல்லாத கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதியது.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், தனி ஆளிடம் கேட்கும் விலையில் ராப்பின் பக்கம் தட்டு தாழ்கிறது என்பேன். ராக் பாடகரின் வரி மங்கினாலும் கிட்டார் தாங்கிக்கொள்ளும். ராப் கலைஞருக்கு அப்படி ஒரு துணை இல்லை. கூட்டு வாசிப்பிலும் ஒலியின் நிறத்திலும் ராக் கேட்கும் திறமை பெரிது. இரண்டு இசைகளின் மதிப்பையும் நிறுவனங்கள் மெதுவாக ஒப்புக்கொண்டன. விமர்சகர் கெலெஃபா சானே 2004-இல் நியூயார்க் டைம்ஸில், ராக்கின் மதிப்பீடுகளால் மற்ற இசைகளை அளக்கும் பழக்கத்தைத் தாக்கி எழுதினார். 2016-இல் பாப் டிலனுக்கு நோபல், 2018-இல் ராப் கலைஞர் கென்ட்ரிக் லாமருக்குப் புலிட்சர். 1960 முதல் 2010 வரையிலான அமெரிக்கத் தரவரிசைப் பட்டியல் பாடல்கள் ஏறத்தாழ 17,000-ஐக் கணினியால் ஆராய்ந்த 2015 ஆய்வு, 1964, 1983, 1991 ஆகிய மூன்று திருப்பங்களில் ராப் பட்டியலேறிய 1991-ஐயே மிகப் பெரியது என்றது.

இத்துறையின் பெருங்குறை, ஃப்ளோ பற்றிய கோட்பாடு பெரும்பாலும் ஆங்கிலத்தின் அசையழுத்தத்தை நம்பியே கட்டப்பட்டிருப்பது. யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்து லண்டன் திரும்பிய மாயா, எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007-இல் தந்த 'பேப்பர் பிளேன்ஸ்' த கிளாஷ் ராக் குழுவின் 1982 பாடலொன்றின் துண்டின்மேல் நிற்கிறது. அதுவும் ஆங்கிலப் பாட்டுதான். மலேசியாவின் யோகி பி, நட்சத்திரா குழுவின் தமிழ் ராப் தொகுப்பு 'வல்லவன்' 2006-இல் வந்தபோது கணக்கே மாறியது. தமிழில் குறிலும் நெடிலும் மாத்திரையால் வேறுபடுகின்றன. ஆங்கிலம்போல் சொல்லுக்குள் வலுவான அழுத்தம் கிடையாது. ஆங்கில ராப் வரியின் கடைசியில் தேடும் ஒப்புமையை எதுகையும் மோனையும் வரியின் தொடக்கத்திலேயே தந்துவிடுகின்றன. அப்படியானால் நான்காம் அடியில் எதை விழவைப்பது? 'வல்லவன்' பாடல்களை வரி வரியாகப் பதினாறு கட்டத்தில் எழுதி, குறில் நெடில் எங்கே விழுகின்றன என்று பார்த்தாலே ஆடம்ஸின் பட்டியலில் இல்லாத சில இனங்கள் கிடைக்கும். யாப்பும் தெரிந்த, பீட் அமைக்கும் எம்பிசி கருவியும் தட்டத் தெரிந்த ஓர் ஆய்வு மாணவருக்கு ஏற்ற வேலை இது.