கடலை நம்பலாமா சென்னை?

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த நெருக்கடியிலும் மூலநீருக்குப் பஞ்சமில்லாமல் இருந்தவை மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர்க் குடிநீர் நிலையங்கள். ஒவ்வொன்றின் திறனும் நாளுக்கு 10 கோடி லிட்டர். 2024இல் நெம்மேலியில் இன்னும் 15 கோடி லிட்டர் சேர்ந்தது. பேரூரில் 40 கோடி லிட்டர் நிலையத்துக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. சென்னையின் தாகம் இதோடு தீர்ந்துவிடும் என்ற பேச்சு எவ்வளவு தூரம் நிற்கும்?

முதலில் இதன் பலம். மழை பொய்த்தாலும் கடல் பொய்க்காது. கிருஷ்ணா நீருக்கு ஆந்திரத்தையும் வீராணத்துக்குக் காவிரியையும் எதிர்பார்க்கும் ஊருக்கு இது சின்ன விஷயமல்ல.

ஆனால் விலை அதிகம். உப்புநீரைச் சவ்வின் வழியே அழுத்தித் தள்ள, ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகும். பேரூர் முழுத் திறனில் ஓடினால் நாளுக்கு ஏறத்தாழ 14 லட்சம் யூனிட். இயற்பியல் விதிப்படியே ஆயிரம் லிட்டருக்குக் குறைந்தது ஏறக்குறைய 1 யூனிட் தேவைப்படுவதால், தொழில்நுட்பம் எவ்வளவு வளர்ந்தாலும் இந்தச் செலவு அதற்குக் கீழே இறங்காது.

அடுத்தது கடற்கரை. உள்ளே எடுக்கும் நீரில் பாதிக்கு மேல், இரு மடங்கை நெருங்கும் உப்போடு கடலுக்கே திரும்புகிறது. நெம்மேலியை அடுத்த சூளேரிக்காட்டுக்குப்பம் மீனவர்கள் கரை அரிப்பையும் மீன்வரத்துக் குறைவையும் சொல்லிப் புகார் எழுப்பியிருக்கிறார்கள். அரிப்புக்குத் துறைமுகங்களும் தடுப்புச் சுவர்களும் காரணமாவதால் முழுப் பழியையும் நிலையத்தின் மேல் போட முடியாது. அதற்காக அந்தப் புகாரைத் தள்ளிவிடவும் கூடாது.

வறட்சிக்கான காப்பீடு என்று இதை ஆதரிப்போரின் வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. ஏரி நிரம்பிய ஆண்டிலும் நிலையம் கட்ட வாங்கிய கடனின் தவணை ஓயாது. சவ்வுகளையும் நெடுநாள் சும்மா போட்டுவைக்க முடியாது. அவசரத்துக்கென்று கட்டியது அன்றாடச் செலவாகிவிடுகிறது.

மாற்று என்ன? 426 சதுர கிலோமீட்டர் மாநகராட்சிப் பரப்பில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கணக்கிட்டால் 21 டி.எம்.சி. பேரூர் ஆண்டு முழுவதும் தரக்கூடியது 5 டி.எம்.சி.தான். பெய்வதெல்லாம் கைக்கு வராது. பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். கழிவுநீர் அப்படியல்ல, தினமும் வரும். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா 4.5 கோடி லிட்டரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையங்கள் 2019 முதல் இருக்கின்றன. கழிவுநீரில் உப்பு குறைவு. ஆகவே மின்செலவும் குறைவு. தொழிற்சாலைக்குப் போகாமல் மிச்சமாகும் நன்னீர் வீட்டுக் குழாய்க்கு வரும்.

ஆகவே தீர்ப்பு இது: கட்டியவையும் கட்டத் தொடங்கியவையும் இருக்கட்டும், சென்னைக்கு அவை தேவை. அடுத்த கடல்நீர் நிலையத்துக்கு நியாயம் இல்லை. அந்தப் பணம் முதலில் கழிவுநீர் மறுபயன்பாட்டுக்கும், பிறகு மழைநீரைத் தேக்க ஏரிகளைத் தூர்வாரி ஆழப்படுத்தவும் போக வேண்டும்.